அமிர்தத்தின் பெயரில் ஓர் எக்ஸ்ரே படம்

போன வாரம் எனக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் தேவைப்பட்டது. ஆபீசில் கேட்டார்கள். தெரிந்த டாக்டரிடம் போனேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

''உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?''

''இல்லைங்க.''

எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்துவிட்டார். நான் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறேனாம்! ஸ்டெதஸ்கோப் பாட்டுக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சிரித்துக்கொண்டேதான் மாடிப்படி இறங்கினேன். பாதியில் அமிர்தம் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு எங்கே வருகிறது?

அமிர்தத்தைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் கிளார்க். பி.காம். முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. நெரவியிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். இல்லத்தில் பாதிப் பேர் 'சொல்தா'க்கள் — பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். பிள்ளைகளெல்லாம் பிரான்சில். இவர்களைக் குளிப்பாட்ட, ஊட்டிவிட, துணி மாற்ற ஐந்து ஆயாக்கள்.

அந்த ஆயாக்களுக்கும் மற்ற வேலையாட்களுக்கும் ஆளுக்கொரு ஃபைல் வைத்திருப்பதுதான் என் வேலை. விண்ணப்பம், போட்டோ, அம்மை ஊசி போட்ட சீட்டு, வருஷா வருஷம் நெஞ்சு எக்ஸ்ரே. வயசானவர்களுக்குக் காசநோய் தொற்றினால் உடம்பு தாங்காது. அதனால் எக்ஸ்ரே கட்டாயம். வருஷத்துக்கு ஒரு தடவை பாண்டிச்சேரியிலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து ஃபைல்களைப் புரட்டுவார். எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்.

நானும் அப்படித்தான்.

அமிர்தம் வரிச்சிக்குடியிலிருந்து வந்த ஆயா. நாற்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. அப்பா அம்மா போன பிறகு, தங்கை செல்வியை மகள் மாதிரி வளர்த்தவள். கண் தெரியாத சொல்தா ஒருவர் அவள் கையால் ஊட்டினால்தான் வாய் திறப்பார். மற்ற ஆயாக்கள் போனால் பிரெஞ்சில் திட்டுவார்.

அந்த வருஷம் ஐப்பசியிலிருந்தே அவளுக்கு இருமல். முந்தின வருஷம் ஒரு சமையல்காரருக்கு எக்ஸ்ரேயில் 'புள்ளி' இருக்கிறது என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது அவள் மனசில் இருந்திருக்க வேண்டும். மார்கழியில் நான் வழக்கம் போல ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பெயர், வயது, 'நெஞ்சு எக்ஸ்ரே'. படம் எடுக்கிற இடத்தில் சீட்டைத்தான் பார்ப்பார்கள். முகத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒரு வாரத்தில் படங்கள் வந்தன. பழுப்பு உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், டைப் அடித்த ஒரு ரிப்போர்ட். சனிக்கிழமை வருகிற டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் ஃபைலில் சேர்க்க வேண்டும். டாக்டருக்கோ அந்த மாதம் உடம்பு சரியில்லை, வரவில்லை. அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டது. நான் என்ன செய்தேன்? உறைகளைப் பிரிக்காமலே அவரவர் ஃபைலில் செருகினேன். பட்டியலில் டிக் அடித்தேன்.

அதிகாரி வந்தார். ''ஃபைலெல்லாம் ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க தம்பி'' என்று தோளில் தட்டினார். வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

தைக் கடைசியில் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் போலகம். அமிர்தம் பத்திரிகையை என் மேஜைமேல் வைத்தாள்.

''கண்டிப்பா வரணும் சார். எங்க பக்கத்துல ஆபீஸ் மனுசங்கன்னு வேற யாரு இருக்கா?''

போனேன். செல்வி மெலிந்த பெண். மணையில் உட்கார்ந்து இரண்டு தடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஓமப் புகை என்று நினைத்துக்கொண்டேன். பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசியில் இல்லத்துக்குப் புது டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். முதல் நாளே, ''ஸ்டாஃப் எக்ஸ்ரே எல்லாத்தையும் கொண்டாங்க'' என்றார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாலாவது படத்தில் கை நின்றுவிட்டது. ரிப்போர்ட்டைப் படித்தார்.

''அமிர்தம்ங்கிறது யாரு? இன்னமும் வேலை பாக்குறாங்களா?''

''ஆமாங்க டாக்டர்.''

''ரெண்டு மாசமா இது உங்ககிட்ட இருக்கு. ஒருத்தருமா படிக்கல?''

டிக் அடித்த பட்டியலை எடுத்து நீட்டினேன்.

அமிர்தத்தைக் கூப்பிட்டோம். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார்.

''பயப்படாதீங்க. படத்துல காசநோய் மாதிரி தெரியுது. மருந்து சாப்பிட்டா குணமாயிடும். எதுக்கும் இன்னிக்கே இன்னொரு படம் எடுத்துப் பாத்துடலாம்.''

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். இரண்டாவது படம் சுத்தமாக வந்திருக்கும்... அன்று சாயங்காலம் எடுத்தபோது சுத்தமாகத்தான் வந்தது. அவள் இருமலுக்குக் காரணம் அடுப்புப் புகை. முதல் படத்தில் ஏதோ தவறு என்று விட்டிருப்பார்கள். வேலை தப்பியிருக்கும்.

அமிர்தம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

''அது எம் படம் இல்லீங்க டாக்டரம்மா... பயந்துகிட்டு தங்கச்சிய எம் பேரச் சொல்லி அனுப்பிவுட்டேன். அது செல்வி படம்... அய்யோ, அந்தப் பொண்ணு போலகத்துல இருக்கே!''

அன்றே நிர்வாகம் அவளை வேலையை விட்டு நீக்கியது. ஆள்மாறாட்டம் செய்து பொய்யான மருத்துவ ஆதாரம் கொடுத்த குற்றம். கடிதத்தை டைப் அடித்தது நான்தான். இரண்டு மாதம் உறை ஏன் பிரிக்கப்படவில்லை என்று நிர்வாகத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

கேட் வரை அவளோடு போனேன். அங்கே நின்று கேட்டாள்.

''சார், அந்தப் படம் எப்ப வந்துச்சு? கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?''

எவ்வளவு எளிய கேள்வி!

''போன வாரம்தான் வந்துச்சு'' என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

''அப்பன்னா சரி சார். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன். தெரியாம நடந்ததுக்கு நாம என்ன பண்றது?''

மீதியெல்லாம் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. 'நோயை மறைச்சுக் கட்டி வெச்சிட்டீங்க' என்று போலகத்துக்காரர்கள் செல்வியைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அமிர்தம் போலகம் போய் அவர்கள் வாசலில் கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தாளாம். படமே கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்தது, ஆபீஸ் சாரே சொன்னார் என்று. என் பொய்யின் மேல் சத்தியம்! அவர்கள் நம்பவில்லை.

செல்விக்கு மாதக்கணக்கில் ஊசி. ஒன்றரை வருஷம் மாத்திரை. குணமாகிவிட்டாள். அதற்குள் புருஷன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டான். அமிர்தம் நடவுக்கும் அறுப்புக்கும் போக ஆரம்பித்தாள். கண் தெரியாத அந்தச் சொல்தா, அவள் போன பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஃபைலையும் நான்தான் முடித்துவைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். அமிர்தம் சொன்ன பொய்யால்தான் செல்விக்கு இருந்த நோய் வெளியே தெரிந்தது. நான் ஒரே ஓர் உறையைப் பிரித்திருந்தால், கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான். அவள் பொய்யில் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். என் பொய்யில் பிழைத்தது யார்? நான் மட்டும்தான்.

அடுத்த வருஷம் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினேன். இல்லத்தில் கொடுத்த நற்சான்றிதழில் 'ஆவணங்களைப் பராமரிப்பதில் மிகுந்த பொறுப்புள்ளவர்' என்று இருந்தது. அதைக் காட்டித்தான் மூன்று இடங்களில் வேலை வாங்கினேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் இதை எழுதுகிறேன்?

அமிர்தத்துக்குப் படிக்கத் தெரியாது. செல்விக்குத் தெரியும்.