நேர்ந்துவிட்ட கிடாயின் ரத்தம்

இடைசெவல் மந்திரமூர்த்தி கோனார் வளர்த்த அந்தக் கிடா, சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டது. அதன் மேல் ஒரு முள் கீறினாலும் அவருக்குப் பொறுக்காது. மற்ற ஆடுகளுக்குச் சீக்கு வந்தால் மருந்தூசி போடுவார். இதற்கு மட்டும் போட்டதே இல்லை. ஊனப்பட்ட உருப்படியைச் சாமி ஏற்காது என்பது அந்த வீட்டு வழக்கம்.

அந்தக் கிடாயின் ரத்தத்தைத்தான் மகள் பாலம்மாள் கேட்டாள். கேட்பதற்கும் ஒரு நெஞ்சு வேண்டுமே! கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் அவள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆட்டு ரத்தத்தின் வெள்ளையணுக்களில் கிருமியைக் கொல்லும் சின்னஞ்சிறு புரதம் உண்டு. அது எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மருந்தே ஏறாத ரத்தம் வேண்டும். ஊரில் அப்படி ஒரு ஆடு இது ஒன்றுதான். 2004ஆம் வருஷக் கோடை அது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த கெடுவும் அதோடு முடிகிறது.

"எடுத்துக்கோ தாயி. படிப்புக்குன்னா சாமி ஒண்ணும் சொல்லாது" என்று கிடாயின் கழுத்தை அவரே பிடித்துக்கொடுத்தார். வாய்தான் சொன்னது; முகம் செத்துப்போயிற்று.

பிரித்தெடுத்த புரதத்தைக் கிருமிகளோடு சேர்த்து, ஒளிரும் சாயம் ஒன்றையும் விட்டாள் பாலம்மாள். முழுசாக இருக்கும் கிருமிக்குள் அந்தச் சாயம் நுழையாது. மேல்தோல் கிழிந்தால்தான் உள்ளே போய்ப் பச்சையாக ஒளிரும். இந்தப் புரதம் தோலைக் கிழித்துத்தான் கொல்லும் என்று அவள் நம்பியிருந்தாள். மத்தியானம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரே இருட்டு. வழக்கப்படி அதில் ஒரு சொட்டை வளர்ப்புத் தட்டில் தடவி வைத்துவிட்டு பஸ் ஏறினாள். தட்டில் கிருமி முளைக்கிறதா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியும். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

"எல்லாம் போச்சுய்யா. ஒரு கிருமிகூடச் சாகல" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாமி கிடா மேல் ஊசி பட்ட குற்றம் என்று மந்திரமூர்த்திக்குத் தோன்றிவிட்டது. அன்று சாயங்காலமே குளித்து, வெள்ளிக்கிழமை நடக்கும் கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் அன்னந்தண்ணி தொடுவதில்லை என்று சுடலை முன்னால் சத்தியம் பண்ணிவிட்டார். மனுஷனுக்குச் சீனி வியாதி. மாத்திரையையும் தூர வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தட்டைத் திறந்த பாலம்மாள் கத்தியேவிட்டாள். ஒன்றுமே முளைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் புரதம் சேர்க்காமல் வைத்திருந்த தட்டிலோ கிருமி மண்டிக் கிடந்தது. அப்படியென்றால் அந்தப் புரதம் தோலைக் கிழிக்காமலே உள்ளே புகுந்து கதையை முடித்திருக்கிறது. அதனால்தான் சாயம் நுழையவில்லை, ஒளியும் இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அய்யா, கிருமி செத்துட்டு! நேத்து மத்தியானமே செத்துட்டு, எனக்குத்தான் தெரியல. சாப்பிடுங்க."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நேத்து சாகலன்னு நீதானே தாயி அழுத? ராத்திரி பூரா நான் பட்டினி கெடந்தேன். காலையில செத்துக் கெடக்கு. சாமி எறங்கிட்டாரு."

"அப்படி இல்லய்யா. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இம்புட்டுப் படிச்ச பிள்ள, நீ தப்பாச் சொல்லுவியா? கேட்டதக் கொடுத்த சாமிகிட்ட பாதியில வாக்கு மாறலாமா? வெள்ளிக்கிழமை சாப்பிடுதேன், போ."

மகள் காலைப் பிடித்தாள். மனைவி சுடலையம்மாள் மாத்திரையை வாயில் திணிக்கப் பார்த்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன், அசையவில்லை. சித்திரை வெயிலில் வியாழக்கிழமை கோயிலடியில் சுருண்டு விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அடங்கிப்போனார்.

பாலம்மாளுக்குப் பட்டம் கிடைத்தது. ஒளிராமல் சாகும் கிருமியைப் பற்றி அவள் எழுதியதைப் பேராசிரியர்கள் மெச்சினார்கள். வாழ்த்த வந்தவர்களிடமெல்லாம் சுடலையம்மாள் ஒன்றைத்தான் சொன்னாள்: "அவிய பட்டினி கெடந்து மகளுக்குப் படிப்ப வாங்கிக் கொடுத்துட்டுப் போனாவ."

பாலம்மாள் முதலில் ஒருமுறை மறுக்க வாயெடுத்தாள். அப்படி இல்லையென்றால் அவிய எதுக்குச் செத்தாவ என்று அம்மா கேட்பாள். என் அவசர வாயால்தான் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அம்மா எப்படித் தாங்குவாள்? "ஆமாம்மா, அய்யா வாங்கிக் கொடுத்ததுதான்" என்றாள்.