நான் கோல் பிடிச்சு நின்ன எடம்

அளக்குற வேலைக்கு ரெண்டு முனை இருக்கு. ஒரு முனையில மெஷின் இருக்கும், மெஷினுக்குக் குடை இருக்கும், குடைக்குக் கீழ சர்வேயர் ஐயா, சிங்களத்துல சொன்னா மாத்தையா, இருப்பாரு, அவருக்குப் பக்கத்துல பிளேன்டீ இருக்கும். மத்த முனையில ஒரு நீளக் கோல் இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு நான் இருப்பேன்.

பெல்மதுளை டவுன் பெருத்துப் பெருத்து எங்க தோட்டத்து எல்லைக்கே வந்து நின்ன காலம் அது. சந்தியில பஸ்சும் லொறியும் மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்கிட்டு நிக்குதுன்னு, டவுனைச் சுத்திப் போற மாதிரி புதுசா ஒரு ரோடு போடப் போறாங்கன்னாங்க. தோட்டத்துல தேயிலைச் செடிய மட்டமா நறுக்கிக் கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்த என்னைய, இவனுக்குச் சிங்களமும் வரும் தமிழும் வரும், சனங்களோட பேச ஒத்தாசையா இருப்பான்னு சொல்லித்தான் எடுத்தாங்க. எடுத்தவங்க, பேச ஒரு ஈ காக்கா கூட இல்லாத எடமாப் பார்த்துக் கொண்டுபோய் நிப்பாட்டுனாங்க. கடைக்குக் காவல் இருந்தவங்க, ரயில் கேட்டு சாத்துறவங்க, சவுக்குத் தோப்புல தனியா மாடு மேய்ச்சவங்க யாராச்சும் இதை வாசிச்சா, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வேலை முடிஞ்சு போனா வீட்டுலயும் தனிதான். என் சம்சாரம் சரசு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தா. பிள்ளை குட்டி இல்ல. தோட்டத்து வரிசை வீடான மேல் லயத்துல கடைசி ரூம், அந்தக் காம்பரா எங்களது. தரைக்கு சிமெந்து போடணும், அடுப்படிய பெருசாக்கணும், அதுக்குத்தான் அவ போனதே. அவ திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஒத்தக் காம்பராவைப் பத்திரமா வச்சிருக்கணும். எனக்கு இருந்த பொறுப்பு அது ஒன்னுதான்.

தலைகீழ் மனுசன்

கோலை ஆடாம அசையாம நேரா பிடிக்கணும். அந்தப் பக்கம் மாத்தையா கண்ணாடியில நம்பர் பார்த்து எழுதி முடிச்சுக் கையத் தூக்குற வரைக்கும் குனியக் கூடாது. இது நம்ம ஊரு அட்டைகளுக்கு நல்லாத் தெரியும். றப்பர் மலையில நான் கோலை நட்டு நிக்கிறதைப் பார்த்ததும் குடும்பத்தோட வந்து ஏறும். ரத்தம் ஒழுக ஒழுக நேரா நிக்கிறவன் யாருன்னு கேட்டா, அது நான்தான்.

விமலசேன மாத்தையா நல்ல மனுசன். ஒரு நாள் என்னையக் கூப்பிட்டு மெஷின்ல பார்க்கச் சொன்னாரு. பழைய மெஷின், எல்லாம் தலைகீழாத் தெரியுது. மரம் வானத்துல இருந்து தொங்குது, மாடு காலை மேல தூக்கிக்கிட்டு மேயுது. இத்தனை நாளும் நான் இவருக்கு இப்படித்தான் தெரிஞ்சிருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

அந்த வாரம் சந்தையில மரக்கறி வாங்கிக்கிட்டு நிக்கிறேன், மாத்தையா எதுக்க வர்றாரு. ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். யாரோ எவரோன்னு என்னையத் தாண்டிப் போயிட்டாரு. எனக்கு முகம் செத்துப்போச்சு. திங்கக்கிழமை மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போகையில மெதுவா அதைச் சொன்னேன். அவருக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. பொறவு சொன்னாரு: "தலைகீழா நின்னு கும்பிட்டிருந்தா ஒன்னைய அடையாளம் தெரிஞ்சிருக்கும் கணேசு."

எதிர்க்கடைக்கு முன்னாடி

டவுனுக்குள்ள அளக்கையில மட்டும் எனக்கு ராஜ மரியாதை. கோல் எங்க நிக்குதோ அங்கதான் ரோடு வரும்னு கடைக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. கொழும்புல எவரோ காகிதத்துல கோடு போட்டு அனுப்பியாச்சு, நான் அதைப் பார்த்தது கூட இல்லன்னு சொன்னா யாரு நம்புறா? இவன் சாமர்த்தியமா மறைக்கிறான்னு இன்னும் ஒரு வடை தருவாங்க.

ஹாட்வெயார் கடை நடராசா முதலாளி நம்மாளு. வழக்கமா நான் ஆணி வாங்கப் போனா நிமிந்தும் பார்க்க மாட்டாரு. அன்னைக்கு வாங்க தம்பின்னு கூப்பிட்டு, விசிறியப் போட்டு, சோடா ஒடைச்சுக் குடுத்தாரு. வீட்டுல சொகமான்னு கேட்டாரு. சம்சாரம் குவைத்துலன்னேன். அடடான்னாரு. என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டு எத்தனையோ மாசமாயிருந்துச்சு. அதுக்குப் பொறவுதான் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்து காதுல சொன்னாரு: "இங்க ஒரே வெயிலா இருக்கு தம்பி, எதிர்க்கடைக்கு முன்னாடி நெழலாத்தான் இருக்கு, அங்க போய் நின்னுக்கங்க."

பாலத்து மேல ஒருத்தன்

வடக்குல சண்டை நடந்துக்கிட்டு இருந்த காலத்துல, தமிழாள் ஒருத்தன் பாலத்து மேல நின்னு பாலத்தை அளந்தா என்னாகும்? அதுதான் ஆச்சு.

மாத்தையா ஆத்துக்கு அந்தப் பக்கம், மூங்கில் பொதர் மறைவுல இருக்காரு. ரோட்டுல போறவங்க கண்ணுக்கு நான் மட்டும்தான் தெரியிறேன். கோலைத் தூணுகிட்ட வைக்கிறேன், கைப்பிடிச் சுவர்கிட்ட வைக்கிறேன், யாருக்கோ கை காட்டுறேன். பஸ்சுல போன எவனோ போய்ச் சொல்லிட்டான். ஜீப்பு வந்துச்சு. அடையாள அட்டையப் பார்த்தாங்க. பேரைப் பார்த்ததும் ஒருத்தர் என் சட்டைக் காலரைப் பிடிச்சுட்டாரு. நான் சிங்களத்துல வெளக்கமாச் சொல்லச் சொல்ல, இவ்வளவு நல்லாச் சிங்களம் பேசுறானேன்னு அவங்களுக்குச் சந்தேகம் கூடிருச்சு. என்னையக் கொண்டுபோய்ட்டா தேடி வர யாரு இருக்கான்னு நெனைச்சேன். ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரல.

மாத்தையா கால்சட்டையச் சுருட்டி விட்டுக்கிட்டு ஆத்துக்குள்ள எறங்கி ஓடி வந்து, தன் அட்டையக் காட்டி, இவன் நம்மாளுன்னு சொன்ன பொறவுதான் விட்டாங்க. வயசான சார்ஜன்ட் ஒருத்தர் என் கோலை வாங்கி, தானும் கொஞ்ச நேரம் பிடிச்சு நின்னு பார்த்தாரு. என்ன பண்ணுவேன்னு கேட்டாரு, சும்மா நிப்பேன்னேன். யாரோட பேசுவேன்னு கேட்டாரு, யாரோடயும் இல்லன்னேன். கோலைத் திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாரு: "நாள் பூரா இப்படி நின்னா எனக்கே எதையாச்சும் ஒடைக்கணும்னு தோணும்."

சாமி தலையில

ரோடு டவுனை விட்டு எங்க தோட்டத்துக்குள்ள ஏறுச்சு. ஏழாம் நம்பர் மலையில ஒரு மரத்தடியில சிமெந்துக் கல்லு ஒன்னைப் புதைச்சு, தலையில சிவப்புப் பெயின்ட் அடிச்சோம். உசரக் கணக்கெல்லாம் அந்தக் கல்லுல இருந்துதான் தொடங்கும். அதை அசைக்கக் கூடாது.

நாங்க ஒரு வாரம் வேற பக்கம் போயிட்டோம். அதே வாரம் அந்த மலையில கவ்வாத்து தொடங்குச்சு. கத்தி தேயிலை மேல படுறதுக்கு முன்னாடி கவ்வாத்துச்சாமி கும்பிடணும். எப்பவும் மரத்தடியில ஒரு கல்லைத் தேடி எடுத்து நட்டுத்தான் கும்பிடுவாங்க, நானே எத்தனையோ தடவை தேடியிருக்கேன். இந்தத் தடவை கல்லு தயாரா நிக்குது, பொட்டு வச்ச மாதிரி தலையும் சிவப்பா இருக்குது. தோட்டத்துத் தொரையே பக்தியா வச்சுக் குடுத்துட்டாருன்னு நெனைச்சுட்டாங்க. தேங்காய் ஒடைச்சு, சேவல் அறுத்து, மாலை போட்டாச்சு. நாங்க திரும்பி வந்தா எங்க கல்லு சாமியா உக்காந்திருக்கு.

விமலசேன மாத்தையா சப்பாத்தைக் கழட்டிட்டு கையெடுத்துக் கும்பிட்டாரு. வேற கல்லு வைப்போம்னு மேல் ஆபீசுல கேட்டும் பார்த்தாரு, ஏலாதுன்னுட்டாங்க. பொறவென்ன, தெனமும் காலையில செருப்பைக் கழட்டி, மன்னிச்சுக்கப்பான்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, சாமி தலையில கோலை வச்சு நிப்பேன். பக்கத்துக் காம்பரா பாப்பாத்தி அக்கா கொழுந்துக் கூடையோட அந்த வழியாப் போவும். எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி குடுத்து விடுற மனுசி. அது நின்னு என்னைய ஏற எறங்கப் பார்த்துட்டுச் சொல்லுச்சு: "சாமி தலையில கோலை வச்சு நிக்கிறியே கணேசு, ஒனக்கு எப்படிடா வீட்டுல பொம்பள தங்கும்?"

கடைசிக் காம்பரா

நட்டு வச்ச குச்சிகளுக்குப் பின்னால நின்னு ஒத்தக் கண்ணால பார்த்தா, கோடு எங்க போவுதுன்னு எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரிஞ்சுச்சு. நேரா மேல் லயத்துக்குத்தான் போவுது. சோறு சாப்பிடுற நேரத்துல மாத்தையாகிட்ட, லயத்தை விட்டுட்டு சின்னத் தொரை பங்களா புல்லுத் தரை வழியா எடுக்க ஏலாதான்னு கேட்டேன். பங்களாவை ஒதுக்கித்தான் கோடே போட்டிருக்குன்னாரு. அந்த லயத்துலதான் நானும் இருக்கேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லி என்ன ஆகப் போவுது, அவரா கோடு போட்டாரு?

மறுநாள் எங்க வாசல்ல கோலை வச்சு நின்னேன். தூரத்துல இருந்து மாத்தையா கை காட்டுறாரு, இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம். சரியா எங்க படியில வந்து நின்னுச்சு. காத்துல கதவு ஆடி ஆடிக் கோலை மறைக்குது. அதைப் பூட்டச் சொல்லிக் கத்துனாரு. உள்ள யாரும் இருக்காங்களான்னு கேட்டாரு, இல்லன்னேன். ஆளில்லாத வீடு நல்லதுதான், சண்டைக்கு வர மாட்டாங்கன்னு சிரிச்சாரு. நான் இடுப்புல இருந்து சாவிய எடுத்துக் கதவைப் பூட்டிட்டு, மறுபடியும் கோலைப் பிடிச்சேன்.

மாத்தையா மெஷின்ல இருந்து தலையத் தூக்கி என்னையவே பார்த்துக்கிட்டு நின்னாரு. பொறவு பிளாஸ்கை எடுத்துக்கிட்டு அம்புட்டுத் தூரமும் நடந்து வந்தாரு. மெஷின் முனையில இருந்து கோல் முனைக்குப் பிளேன்டீ வந்தது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு, ரெண்டு பேரும் படியில உக்காந்து குடிச்சோம். உச்சி வெயில் மண்டையப் பொளக்குது. அந்த வெயில்ல எழும்பி நின்னு சொன்னாரு: "இன்னைக்கு இது போதும் கணேசு, வெளிச்சம் பத்தாது."

பஸ்சை விட்டு எறங்குனவ

கடைக்காரங்களுக்கு நட்டஈடு கெடைச்சுச்சு. லயம் தோட்டத்துச் சொத்து, அதனால எங்களுக்கு ஓடைக்கரையில தகரக் கொட்டில். வீடு கட்டிக்க எடம் தர்றோம்னாங்க, கட்டுறது எங்க பாடுன்னுட்டாங்க. டெலிபோன் கடையில இருந்து சரசுகிட்ட அத்தனையும் சொன்னேன். அவ சிரிச்சா. வெள்ளைக்காரன் கட்டுன லயம், அதை யாரு இடிப்பா, சும்மா வெளையாடாதீங்கன்னுட்டா.

அவ வர்ற நாள் மாறிப்போனது எனக்குத் தெரியாது. லயத்தை இடிச்சு, பாதி ரோடு தார் போட்டு பஸ் விட ஆரம்பிச்சிருந்தாங்க, மீதிய அளக்க நான் தார் ஓரத்துல கோல் பிடிச்சு நிக்கிறேன். ஒரு பஸ் தாண்டிப் போயி சடார்னு நின்னுச்சு. பெட்டியோட ஒரு பொம்பள எறங்குறா. பஸ் போனதும் பார்த்தா சரசு. எளைச்சுப் போயிருந்தா. நாங்க வழக்கமா எறங்குற பலா மரத்தைத் தேடித் தேடிப் பார்த்தாளாம், காணோமாம், கோலைப் பிடிச்சு நிக்கிற என்னையப் பார்த்துத்தான் மணி அடிச்சாளாம். நாலு வருசத்துக்குப் பொறவு பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா, நான் கோலை விட ஏலாம நிக்கிறேன். அந்தப் பக்கம் மாத்தையா ஆடாதேன்னு கை காட்டுறாரு.

வீட்டுக்குப் போவோம் வாங்கன்னா. இதுதான் வீடுன்னேன். அவ மேலயும் கீழயும் பார்த்தா, தாரைப் பார்த்தா, தூரத்துல ஏழாம் நம்பர் மலையில எப்பவும் சாமி கும்பிடுற அந்த மரத்தைப் பார்த்தா. அப்பத்தான் எடம் பிடிபட்டுச்சு. அழுவான்னு நெனைச்சேன், அழுவல. பெட்டிய கீழ வச்சுட்டு மெதுவாக் கேட்டா: "அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சுங்க?"

போய் வர்றேன்னா

தாடையால காட்டுனேன். மாத்தையா அளந்து முடிக்கிற வரைக்கும் அவ அந்த எடத்துலயே நின்னா.

தகரக் கொட்டில்ல நாலு மாசம் இருந்தா. பகல்ல உள்ள இருக்க ஏலாது, மழை பெய்ஞ்சா பேச ஏலாது. ஆனா சாயங்காலம் நான் வர்றப்ப உள்ள வெளக்கு எரியும், யாரோ ஒருத்தர் என்னைய ஏன் லேட்டுன்னு கேட்பாங்க. அது போதும்னு எனக்கு இருந்துச்சு. தோட்டத்துல எடமும் தந்தாங்க, அதை அளந்தப்பவும் நான்தான் கோல் பிடிச்சேன். நாலு மூலையிலயும் குச்சி நட்டாச்சு, நடுவுல புல்லு வளருது. ஒரு நாள் அந்தப் புல்லைப் பார்த்துக்கிட்டே நின்னவ, இன்னும் ஒரு தடவை குவைத்துக்குப் போறேன்னா. நான் போவாதன்னேன். கெஞ்சிக் கூடப் பார்த்தேன். அவ என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "எடம் மட்டும் இருந்தா ஆச்சாங்க, அதுல ஒரு அடுப்பு எரிய வேணாமா?"

புது ரோட்டுலதான் பஸ் ஏத்தி விட்டேன், எங்க காம்பரா இருந்த எடத்து மேல அந்த பஸ் ஒரு குலுக்கல் கூட இல்லாமப் போச்சு, நான் கோல் பிடிச்சு அளந்த ரோடாச்சே.