லட்சுமணசாமி நாயுடுவின் வயிற்றுக் கோளாறு

வேலிப்படலுக்கு இந்தப் பக்கமே லட்சுமணசாமி நாயுடு நின்றுவிடுவார். செருப்பைக் கழற்ற மாட்டார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒருமுறை இருமிவிட்டு, "ஏனுங்க, ஊட்டுல யாருங்க?" என்று குரல் கொடுப்பார். ஆனி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று அந்தக் குடையைப் பத்துத் தடவையாவது திருப்பிப் போட்டு விளையாடும். அவரும் விடாமல் மடக்கி மடக்கி விரிப்பார். உள்ளே மட்டும் போக மாட்டார்.

போனால் கெட்டது காரியம். செருப்பைக் கழற்றியவரை அந்தப் பக்கத்து வீடுகள் லேசில் விடா. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தலையாட்ட வேண்டும். உட்காருவதற்குள் கையில் சொம்பு வந்துவிடும். அதை வாங்கிக் குடித்த பிறகு, "பையனோட பள்ளிக்கூடத்துப் பாக்கி..." என்று எந்த முகத்தோடு ஆரம்பிப்பது?

ஆனால் அப்படி ஆரம்பிப்பதுதான் அவர் பிழைப்பு. கோயமுத்தூரில் ஒரு ஹைஸ்கூலுக்கு அவர் பில் கலெக்டர். பருத்தி விலை படுத்துப்போன இந்த நாலைந்து வருஷமாக, பீஸும் ஆஸ்டல் செலவும் பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போன பையன்கள் அதிகம். அவர்கள் வீட்டைத் தேடி சூலூர், பல்லடம், தாராபுரம் என்று அலைய வேண்டும். பஸ் போகும் மட்டும் பஸ், அதற்கப்புறம் கால். சம்பளம் மாதம் பதினைந்து ரூபாய். பித்தான் இரண்டே மிஞ்சிய ஒரு கோட்டு. தோளில் தொங்கும் பையில் ரசீதுப் புத்தகமும், பாக்கிக்காகப் பள்ளிக்கூடம் பிடித்து வைத்திருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களும். மார்க்கு ஏறிய அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் பையனை எந்த ஆபீஸும் ஏறெடுத்துப் பார்க்காது. பணம் வந்தால் புத்தகத்தைக் கொடுப்பார். வராவிட்டால் அது மறுபடி பள்ளிக்கூடத்துப் பீரோவுக்குப் போகும்.

ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? தூரத்தில் குடை தெரிந்ததுமே மோர் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள். "ஏனுங்க, வெயில்ல நிக்கறீங்க! உள்ள வந்து ஒரு வாய் மோர் குடிச்சுப்போட்டுப் பேசலாமுங்க." நாயுடுவுக்கு நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும் சொல்வார்: "இருக்கட்டுமுங்க, வவுறு சரியில்லீங்க." ஒன்பது வருஷமாக, முப்பது ஊர்களில், அவருக்கு வயிறு சரியில்லை. பல்லடத்தில் ஒரு கவுண்டர் இரக்கப்பட்டு இஞ்சிச் சாறு பிழிந்துகொண்டு வந்து நின்றார். அதையும் தொட முடியாமல் திரும்பியதில் அவருக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

ஒரே ஒரு தடவை ஏமாந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரு வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோரைக் காலி செய்துவிட்டு, பாக்கியைக் கேட்க வாய் வராமல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தார் அவர் சம்பளத்தில் ஏழு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி ராமாமணி, "ஏழு ரூபாய்க்கு மோர் குடிச்ச மகராசன்" என்று பீளமேட்டுக் கிணற்றடி பூராவும் சொல்லி வைத்தாள். அதிலிருந்துதான் வயிற்றுக் கோளாறு.

இத்தனை வீடுகளில் முத்தாத்தாள் வீடு மட்டும் தனி. சூலூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே, கிணறு வற்றிப்போன ஒரு தோட்டம். புருஷன் காளிச்சாமி ஆனைமலைப் பக்கம் மரவண்டி ஓட்டப் போய்விட்டான். மகன் செங்கோடன் பரீட்சை தேறியும், இருபது ரூபாய் பாக்கியால் புத்தகம் கைக்கு வரவில்லை. முதல் தடவை நாயுடு போய் நின்றபோது அவள் "வாங்க" என்று சொன்னதோடு சரி. உள்ளே கூப்பிடவில்லை. தண்ணீர் என்ற பேச்சே இல்லை. நாயுடுவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாமே வேண்டாமென்று சொல்வது வேறு, கேட்காமலே விடுவது வேறு அல்லவா?

மூன்றாவது தடவை அவளே சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க. பாக்கிய வெச்சுக்கிட்டு உங்களுக்குத் தண்ணி குடுத்தா, உங்க வாயக் கட்டுனாப்பல ஆயிருமுங்க. கடைசிக் காசு குடுக்கற அன்னிக்கு ஒக்கார வெச்சு எலை போடறனுங்க." அன்றைக்கு அவள் வெண்ணெய் விற்ற எட்டணாவைக் கொடுத்தாள். ரசீது எழுதும்போது நாயுடுவுக்குக் கண் கலங்கியது. காற்றில் தூசு அதிகம் என்று சொல்லிக்கொண்டார்.

எட்டணாவும் நாலணாவுமாகப் பாக்கி குறைந்துகொண்டு வந்தது. அதற்குள் நாள் முந்திக்கொண்டுவிட்டது. வாத்தியார் பயிற்சிக்குச் செங்கோடனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை புத்தகத்தோடு போய் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாயுடு படலுக்கு வெளியே வந்து நின்றபோது, முத்தாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாய் கொடுத்தாள். காதில் கிடந்த தோட்டைக் காணோம்.

"இன்னும் பதினொண்ணு நிக்குதுங்க அம்மணி," என்றார் நாயுடு. சொல்லும்போதே அவருக்கு அலுப்பாக இருந்தது. இந்த வேலை, இந்தக் குடை, இந்த வெயில், எல்லாமே அலுப்பாக இருந்தது.

"தெரியுமுங்க. பையன் நேத்துப் போயி நாலு ஊட்டுல கேட்டுப்போட்டு வந்துட்டான். ஆரு கிட்டயும் இல்லீங்க." அவள் கண் அவர் தோள் பையின் மேல் போயிற்று. "அந்தப் பொஸ்தகத்த ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

நாயுடு பையிலிருந்து எடுத்துப் படலுக்கு மேலே நீட்டினார். அவள் அதைப் பிரிக்கத் தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். அவரே எட்டிப் பிரித்துக் காட்டினார்.

"இதுல எம்பையன் பேரு எதுங்க?"

விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை மூடி அவளாகவே திருப்பி நீட்டினாள். "பத்தரமா எடுத்துட்டுப் போங்க. திங்கக்கெழம தப்பிப்போச்சுன்னா அவனும் அவங்கப்பங்கூட மரவண்டிக்குப் போவட்டும். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

திட்டியிருந்தால் நாயுடு போயிருப்பார். ஒன்பது வருஷத்தில் வாங்காத திட்டா? இந்தப் 'பாவம்'தான் அவரைக் கொன்றது. பதினோரு ரூபாயை நினைத்தார். ராமாமணியை நினைத்தார். கிணற்றடி முழுவதையும் நினைத்தார். நீட்டிய புத்தகத்தை அவர் வாங்கவில்லை. குடையை மடக்கிப் படலில் மாட்டினார். குனிந்து, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அம்மணி, குடிக்கத் தண்ணி குடுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப்போயிற்று. "வேண்டாமுங்க... உங்களுக்கு வவுறு ஆகாதுன்னு ஊரே சொல்லுதுங்க."

"இன்னிக்குச் சரியாப்போச்சுங்க," என்று படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

புத்தகத்தை மார்போடு அணைத்தபடியே போய் அவள் சொம்பைக் கொண்டுவந்தாள். ஒரே கையில் தூக்கியதில் பாதி வழியிலேயே தளும்பியது. நாயுடு அண்ணாந்து, இடையில் மூச்சு விடாமல் குடித்தார். கோட்டின் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் வேண்டுமென்று காலிச் சொம்பை நீட்டினார்.