கோமுகி இருந்த இடம்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலை அந்தக் காலத்தில் இடித்த போர்த்துக்கேயப் பறங்கியரைச் சின்ன வயதிலிருந்தே திட்டிப் பழகியவன் நான். அவர்கள் விட்டுவைத்தது கருவறையும் அதைச் சுற்றிய கல் மண்டபமும்தான். யாழ்ப்பாண அரசர் காலத்துக் கட்டடம். அந்த மிச்சத்தையும் இடிக்கும் தீர்மானத்தை, கோயில் சபைச் செயலாளராக, என் கையாலேயே எழுதினேன்.

மழை ஒழுகியது உண்மை. கூரையை மட்டும் திருத்தலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "உந்தப் பழங்கல்லை எத்தினை காலத்துக்குக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிறது?" என்று எழும்பிக் கேட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குப் பத்து வருடமாகக் கண் தெரியாது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அலைந்தும் பார்வை திரும்பவில்லை. கிணற்றடிக்குப் போகவும் யாராவது கையைப் பிடிக்க வேண்டும். கோயிலுக்குள் மட்டும் பிடிக்க விடமாட்டார். வாசற்படியிலேயே என் கையைத் தட்டிவிடுவார்.

"விடு தம்பி, எனக்குத் தெரியும்."

தெற்கே தாமரை செதுக்கிய தூண். அதில் ஓர் இதழ் உடைந்திருக்கும். மேற்கே தேய்ந்துபோன மாடக்குழி. அங்கிருந்து சுவரைத் தடவிக்கொண்டே போனால், வடக்கே அபிஷேகத் தண்ணீர் வழியும் கோமுகி ஈரமாகக் கையில் படும். பக்கத்தில் சண்டேசுவரர். கைதட்டிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து வருவார். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா தனியே நடந்த நடை அவ்வளவுதான். எனக்கு இது தெரியாததல்ல. தீர்மானம் எழுதும்போது நினைவுக்கு வரவேயில்லை. அதற்காகத்தான் என்னை நானே மன்னிக்க முடியாமல் இருக்கிறது.

பழையதை இடித்துப் புதிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் முடிந்த முதல் வெள்ளி அம்மாவைக் கூட்டிப் போனேன். வழக்கம்போலக் கையைத் தட்டிவிட்டார். தெற்கே உருண்டையான கொங்கிரீட் தூணை இரண்டு தரம் சுற்றிச் சுற்றித் தடவினார். பிறகு மாபிள் பதித்த சுவரில் உள்ளங்கை வழுக்க வழுக்க நடந்தார். புதுக் கோமுகியைக் கை எட்டாதபடி கம்பிக் கூட்டுக்குள் அடைத்திருந்தோம். அதற்குச் சற்று முன்னால், பழைய கோமுகி இருந்த இடத்தில், அவர் விரல் நின்றது. திருப்பணிச் சபையாரின் பெயர்கள் வெட்டிய கல்.

"உது என்ன தம்பி?"

"பேர்கள் அம்மா."

"ஆரின்ரை?"

"சபைக்காரரின்ரை."

"உன்ரையும் கிடக்கோ?"

"ஓம்."

அம்மா எழுத்துகளிலிருந்து விரலை எடுத்து, நான் நின்ற பக்கமாக நீட்டினார்.

"கையைத் தா. வீட்டை போவம்."

சண்டேசுவரருக்குக் கைதட்டாமலே திரும்பினோம். வாசற்படி தாண்டியும் அவர் என் கையை விடவில்லை.