குளிக்கும்போது கழற்றிய கடிகாரம்

நல்லுசாமி கடிகாரத்தின் கொக்கியை இரண்டு விரலால் நெம்பினார். கழன்றதும் கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வாங்கிய நாளிலிருந்து இதே வேலை.

"கடலுக்கடியில போறவங்க கட்டுற வாட்ச்சாம். இவரு குளிக்கவே கழட்டி வைக்கிறாரு," என்றாள் மனைவி ராக்கம்மாள், சுவரைப் பார்த்து.

திருவெறும்பூரில் கொதிகலன் ஆலையில் இருந்தவர் நல்லுசாமி. முடிந்த கலனில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தண்ணீர் விட்டுப் பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை. ஓய்வு பெற்றபின் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் இந்தக் கடிகாரம். வெளிநாட்டில் செய்தது, வேறு யாரோ கட்டிப் பழசானது. நீல முகத்தில் முன்னூறு மீட்டர் என்று ஆழம் பொறித்திருந்தது.

மத்தியானங்களில் காட்டூர் வீட்டுக் கட்டிலில் படுத்து அதையே பார்ப்பார். நொடிமுள் துள்ளாது, வழுக்கிக்கொண்டே போகும். ஃபேன் சத்தம் மெல்ல அலையாகும். அந்த நீலத்துக்குள் இறங்குவார். முன்னே இதைக் கட்டியிருந்தவனுடைய கை மங்கலான தண்ணீரில் அசையும். மீன்கள் வந்து நின்று பார்க்கும். அங்கே அவரை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். உள்ளே ஒரு சொட்டு புகுந்துவிட்டால் இதெல்லாம் போய்விடும்.

விற்கும்போதே கடைக்காரன் ஹாலித் சொல்லியிருந்தான்: "தண்ணியில போட்டுப் பாருங்கண்ணே. கண்ணாடிக்குள்ள ஆவி கட்டுச்சுன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க, எடுத்துக்கிறேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

இன்று வியாழன். ராத்திரிச் சாப்பாட்டில் ராக்கம்மாள் ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் கடைசி நாளு. பக்கெட்ல முக்கிப் பாருங்க."

"வேணாம்."

"அவ்வளவு பெரிய பாய்லரையெல்லாம் சோதிச்சீங்களே?"

"அதெல்லாம் கம்பெனிது, ராக்கு."

"ஓட்டையான்னு தெரியாமயே கட்டிக்கிட்டுத் திரிவீங்களா?"

அவர் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "பக்கெட்ல வேணாம்," என்றார்.

மறுநாள் காலை இருவரும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி அம்மா மண்டபத்தில் இறங்கினார்கள். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நல்லுசாமி சட்டையைக் கழற்றினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விரல் பழக்கத்தில் கொக்கிக்குப் போய் நின்றது. அப்படியே கடிகாரத்தோடு படியிறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார்.

உள்ளே பழுப்பு வெளிச்சம். படியில் துணி துவைக்கும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. முகத்தருகே மணிக்கட்டு மிதந்தது. முள்ளில் பூசியிருந்த பச்சை லேசாக மினுங்கியது. மூச்சு முட்டும்வரை அங்கேயே இருந்தார்.

எழுந்து கையை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராக்கம்மாள் முந்தானையால் கடிகாரத்தைத் துடைத்து, கண்ணாடி சூடேறும்வரை அவர் கையை வெயிலில் பிடித்திருந்தாள்.

"ஆவி கீவி ஒண்ணுமில்ல. ஓடுது. ஏறி வாங்க, சளி பிடிக்கும்."

"இரு," என்றார் நல்லுசாமி. மறுபடி முழுகினார்.

அவள் துண்டையும் மூக்குக்கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.