குறி இல்லாத சட்டை

கனடாவில், சென்ட் லோரன்ட் பகுதியில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு நீளமான கட்டடத்தில் நான் வேலை செய்கிறேன். படப்பிடிப்புகளுக்கு உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் இடம். நான் தைப்பது சின்னச் சின்ன வேலைகள்: பொத்தான், விளிம்பு, பட்டி. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பவளிடம் யாரும் அதிகம் கேட்பதுமில்லை.

போன மாரியில், பனி கொட்டிய காலத்தில், ரஷ்யப் படையைப் பற்றிய ஒரு படத்துக்கு உடுப்புகள் கேட்டிருந்தார்கள். கதை நடப்பது இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான கியூபெக் பெண்மணியை எல்லோரும் மதாம் என்றுதான் அழைப்போம். அவர் பழைய புகைப்படங்களைப் பிரதி எடுத்து, வருட ஒழுங்கில் என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார்.

முதல் படத்தில் நின்றவர்களின் தோள்கள் வெறுமையாக இருந்தன. புரட்சி நடந்ததும் தோள்பட்டிகளை வெட்டி எறிந்துவிட்டார்களாம். பதவிப் பெயர்களே வேண்டாம், எல்லோரும் சமம் என்றார்களாம். ஆனால் யார் சொன்னால் யார் கேட்பது என்று தெரிய வேண்டுமே. கொஞ்சக் காலத்திலேயே சட்டைக் கையில் சின்ன முக்கோணங்களும் சதுரங்களும் வந்தன. பிறகு அவை கழுத்துப்பட்டிக்கு ஏறின. அடுத்த போர் நெருங்க நெருங்கப் பழைய பதவிப் பெயர்களும் திரும்பின. கடைசியாக ஒரு பெரிய பொன் நட்சத்திரம் வந்தது.

“பார்த்தாயா, தையல்காரிகளுக்கு வேலை கூடிக்கொண்டே போகிறது,” என்று மதாம் பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். “இந்தப் பெரிய நட்சத்திரம் முதலில் ஐந்து பேருக்குத்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே அவர்களில் மூன்று பேர் உயிரோடு இல்லை.”

“எதிரி கொன்றுவிட்டானா?”

“எதிரி எதற்கு? அவர்களுடைய ஆட்களேதான். நீ நட்சத்திரத்தை இறுக்கித் தை.”

வாடகைக் கோட்டுகளுக்கு இடையில் உண்மையான பழைய கோட்டுகளும் சில இருந்தன. ஒன்றின் கழுத்தைப் பிரித்தபோது உள்பக்கத்தில் நூலால் ஒரு பெயர் தைத்திருந்தது. வெளியில் தெரியாத இடத்தில் ஏன் பெயர் என்று மதாமிடம் கேட்டேன். “விழுந்து கிடந்தால், பிறகு யாரென்று தெரிய,” என்றார். நான் அந்தக் கழுத்தைத் திரும்பத் தைத்து மூடினேன்.

அந்த மாரியில்தான் என் மகள் அந்தப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள்.

அவள் சிறு வயதிலேயே கடேற்றில் சேர்ந்தவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான படைப் பயிற்சி அது. வாரத்தில் ஒரு பின்னேரம் போய் வருவாள். சீருடையைச் சும்மா கொடுப்பார்கள். ஒரு ஒழுங்குக்கு வருவாள் என்று என் கணவர் சொன்னார். முதலில் அவளுடைய சட்டைக் கை வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு கோணப்பட்டி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. எல்லாவற்றையும் நான்தான் தைத்தேன். சந்தோசமாகத்தான் தைத்தேன். சுவரில் இருந்த படங்களை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், வீட்டில் நான் தைத்துவந்ததும் அதே ஒழுங்கில் போனது நினைவுக்கு வந்தது.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. படையில் பகுதிநேரமாகச் சேர வேண்டுமாம். பதினெட்டு ஆகாதபடியால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

“ரிசேவ்தான் அம்மா. வீக்கெண்டில மட்டும். கோடையில ட்ரெய்னிங்.”

“சண்டைக்குப் போகச் சொன்னால்?”

“விருப்பம் எண்டால்தான் போறது.”

கணவர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். “இஞ்சாரும், இது கனடா ஆமி. வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்கிறவை. பனி கொட்டினால் வழிக்கச் சவளோட வாறவை. நீர் ஏன் முழியைப் பிரட்டுறீர்? கொண்டா பிள்ளை, நான் வைக்கிறன்.”

மகள் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நீங்கள் வேண்டாம் அப்பா. நீங்கள் எதுக்கும் வைப்பீங்கள். அம்மா வைக்கோணும்.”

“பேந்து பாப்பம்,” என்றேன். பத்திரம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கியது. பால் எடுக்கும்போதெல்லாம் அது ஆடியது.

பனி கரைந்தபின் கடேற்றின் வருடாந்த அணிவகுப்பு வந்தது. பெற்றோருக்கு மண்டபத்தின் ஓரமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்வையிட்டு முடிந்ததும், சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி பெற்றோருக்கும் கைகொடுத்துக்கொண்டு வரிசை வழியே வந்தார். பளபளக்கும் சப்பாத்துகள் மரத்தரையில் ஒவ்வொரு அடியாக நெருங்கி வந்தன. நான் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன். அவர் என் முன்னால் நின்றதும் எழுந்து, இரண்டு கைகளாலும் என் மருத்துவக் காப்பு அட்டையை நீட்டினேன். மடியிலிருந்த கைப்பையின் வாயைத் திறந்து முழங்கையில் மாட்டியிருந்தேன். எப்போது திறந்தேன், அட்டையை எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் என் பெயரை மெதுவாக வாசித்தார். “பொன்ஜூர், மதாம்,” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு அடுத்தவரிடம் போனார். மகள் வரிசையில் நேரே பார்த்தபடி நின்றாள். ஆனால் கண்டுவிட்டாள்.

காரில் ஏறியதும் கணவர் தொடங்கினார். “ஒபிசருக்கு ஹெல்த் காட் காட்டின ஆள் நீராத்தான் இருப்பீர். நல்லகாலம், பிரஷர் பாக்கச் சொல்லிக் கையை நீட்டேல்லை.”

பின்சீட்டில் மகள் சிரிக்கவில்லை. “ஏன் அம்மா அப்பிடிச் செய்தனீங்கள்?”

அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

“உன்ர வயசில ஊரில நான் ரியூசனுக்குச் சைக்கிளில போறனான். ஆமிச் சென்றியில இறங்கி உருட்டோணும். அடையாள அட்டையைக் கையில வைச்சிருக்கோணும், பையைத் திறந்து பிடிக்கோணும். முகத்தைப் பாக்கேலாது. பாத்தால், என்ன முறைக்கிறாய் எண்டு கேப்பினம். அதால சட்டையைத்தான் பாக்கிறது. கையில பட்டி இருக்கிறவன் அட்டையை வாங்கிப் பாப்பான். தோளில நட்சத்திரம் இருக்கிறவன் கத்துவான். அவையளுக்குக்கூட அவ்வளவு பயமில்லை.”

“பேந்து ஆருக்கு?”

“பின்னால, நிழலில ஒருத்தன் நிப்பான். சட்டையில ஒண்டும் இராது. ஒரு நாள் எனக்கு முன்னால போன பிள்ளையைப் பாத்து நாடியை மட்டும் இப்பிடி உயர்த்தினான். சைக்கிளை வேலியில சாத்திப்போட்டு வரச் சொல்லிச்சினம். அந்தச் சைக்கிள் கனநாள் அங்கையே நிண்டது. செயின் கறள் பிடிச்சு, பேந்து சீற்றில கொடி படர்ந்து… ஆரும் எடுக்கேல்லை.”

“அவன் ஆர் அம்மா?”

“தெரியாது. ஆரெண்டு தெரிய அவனில ஒண்டும் இல்லைத்தானே.”

வீடு வரும் நேரத்தில் மகள் முன்சீட்டுக்கு இடையால் தலையை நீட்டினாள்.

“இங்க அப்பிடி இல்லை அம்மா. நெஞ்சில பேர் இருக்கும், எல்லாருக்கும். நான் ஆரெண்டு பாக்கிறவைக்குத் தெரியும்.”

அன்று பின்னேரம் நான் கையெழுத்து வைத்தேன். அந்தப் பெயரை நம்பித்தான் வைத்தேன்.

கோடை முழுதும் வானொலியில் படைகளைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஆட்கள் போதாது, இன்னும் வேண்டும் என்றார்கள். மதாம் சுவரிலிருந்து ரஷ்யப் படங்களைக் கழற்றிவிட்டு, அதே காலத்து வேறொரு நாட்டின் படங்களை ஒட்டினார். அவற்றிலும் கழுத்துப்பட்டிகள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டு போயின.

பயிற்சி முடிந்து அவள் வந்த பின்னேரம் நான் கடைக்குப் போகக் கைப்பையோடு கதவைத் திறந்தேன். வெளியே பச்சைப் புள்ளிச் சீருடையில் ஒருவர் வாசல் விளக்குக்கு முதுகு காட்டி நின்றார். என் கண் முகத்துக்குப் போகவில்லை. நெஞ்சின் நடுவில் பதவிச்சின்னம் மாட்டும் இடம் வெறுமையாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய பட்டியும் வெறுமையாக இருந்தது. கைப்பையின் சிப் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

“அம்மா,” என்றாள். “நான்தான்.”

பையை மூடினேன். “பேர் எங்க?”

“இன்னும் வரேல்லை. ஓடர் பண்ணியிருக்கினமாம். பதவிப் பட்டி இப்ப தரமாட்டினம், புது ஆக்களுக்கு ஒண்டும் இல்லை.”

அவள் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து மடியில் வைத்தேன். வெளியில் எதையும் தைக்க எனக்கு உரிமையில்லை. கழுத்தின் உள்பக்கத்தைத் திருப்பி, பச்சை நூலில் அவளுடைய பெயரைத் தைக்கத் தொடங்கினேன். இரண்டு எழுத்து முடிந்தது. மூன்றாவதுக்கு ஊசியை ஏற்றும்போது, “பிறகு யாரென்று தெரிய,” என்று மதாம் சொன்னது காதில் விழுந்தது.

இரண்டு எழுத்தையும் பிரித்தேன். நூல் வந்துவிட்டது. ஊசி போன துளைகள் மூடவில்லை. நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், ஆவி காட்டியும் பார்த்தேன்.

காலையில் அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போகும் பஸ்ஸுக்குப் போனாள்.