அக்கி என்று சொல்லிவைத்தேன்

1991-ல் எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மண்ணூரில் கணவர் வீடு. அவருக்கு ரோட்டோரத்தில் குழாய் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும் மட்டும்தான்.

முதலில் காய்ச்சல் வந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியது. பிறகு, பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத இடத்தில், பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். அவை உடைந்து புண்ணாயின. சிறுநீர் போனால் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரிந்தது. எரியுது என்று மட்டும்தான் மாமியாரிடம் சொன்னேன்.

"உடம்பு சூடு, வேற இன்னா. மோரக் குடி, அடங்கிடும்" என்று சொம்பு சொம்பாகக் கொடுத்தார். மோர் குடிக்கக் குடிக்க அடிக்கடி எழுந்து ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அழுகை வந்தது.

என் நடையைப் பார்த்தே கணவருக்குப் புரிந்துவிட்டது. "எங்க வலிக்குதுன்னு நீ சொல்லவே வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு" என்றார். லீவு சொல்லிவிட்டு என்னை மெட்ராஸ் பஸ்ஸில் அழைத்துப் போனார்.

பஸ் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டியது. அந்தச் சமயம் பத்திரிகையைப் பிரித்தால் எய்ட்ஸ் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அவரோ கல்யாணத்துக்கு முன்பு கம்பெனி டிரெயினிங் என்று பம்பாய்க்குப் போய் வந்தவர். நான் பம்பாயையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவு கட்டடத்தின் கடைசியில் இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த ஆண்கள் பாதிப்பேர் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். டாக்டர் ஒரு பெண். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பயம் போயிற்று. திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்து என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"பார்த்தா ஹெர்பிஸ் மாதிரி இருக்கு. அக்கி வரவைக்கிற கிருமியோட சொந்தக்காரக் கிருமி. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. புண் ஆறிடும். ஆனா கிருமி உடம்பை விட்டுப் போகாது, நரம்புல போய்ப் படுத்துக்கும். உடம்பு அசந்தா மறுபடி எட்டிப் பார்க்கும். முதல் தடவைதான் இப்படி வாட்டும். அடுத்தது லேசா இருக்கும்."

"யார்கிட்டேர்ந்து வந்துச்சு மேடம்?" என்றார் கணவர். நான் கேட்க நினைத்த கேள்வியை அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது.

டாக்டர் அவர் உதட்டைப் பார்த்தார். "அங்க என்ன, காய்ஞ்ச பொருக்கு?"

"காய்ச்சல் வந்தா கொப்புளம் போடும் மேடம். சின்ன வயசுலேர்ந்து."

"இதுவும் அதே இனம்தான். வாயிலேர்ந்து அந்த இடத்துக்கும் போகும். எப்படிப் போகும்னு உங்க ரெண்டு பேருக்கும் நான் விளக்க வேணாம்."

நாங்கள் இருவரும் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தோம். அதில் போன மாதத்துத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது.

"அப்படித்தான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது" என்று தொடர்ந்தார். "வெளியில தெரியாம வருஷக்கணக்கா யார் உடம்புலயும் இருக்கலாம். அதனால யாருன்னு தேடிச் சண்டை போடாதீங்க. வேற நோய் இருக்கான்னு ரத்தம் பார்த்துடுவோம்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளவும், தளர்ந்த பருத்தித் துணி உடுத்தவும் சொன்னார். புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புண் முழுக்க ஆறும்வரை சேரக்கூடாது. மற்ற நாட்களில் ஆணுறை ஓரளவுக்குக் காக்கும், முழுசாகக் காக்காது. கணவர் உதட்டில் கொப்புளம் இருந்தால் முத்தமும் கூடாது.

திரும்பும்போது கணவர் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். "பம்பாய்ல ரூமும் கேண்டீனும் தவிர நான் எதையும் பாக்கலடி" என்றார், நான் கேட்காமலே. எனக்குச் சிரிப்பு வந்து டீ புடவையில் கொட்டிவிட்டது. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையிலும் வேறொன்றும் இல்லை என்று வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமியாரிடம் என்ன சொல்வது? டாக்டர் வாயில் வந்த அக்கியையே சொல்லிவைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலை அவர் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு குயவர் வீட்டு அம்மாவைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் குயவர்தான் அதன்மேல் செங்காவி குழைத்துச் சிங்கம் எழுதுவார்.

"எங்க கீது, காட்டும்மா" என்றார் அந்த அம்மா, காவியைக் கரைத்தபடி.

"முதுகுல" என்றேன்.

ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினேன். "ஒண்ணும் தெரியலியே" என்று மாமியார் குனிந்தார். "உள்ளுக்குள்ள கீது போல" என்று அந்த அம்மாவே எனக்காகச் சமாளித்து, பிடரியுள்ள பெரிய சிங்கமாகவே எழுதிவிட்டுப் போனார். ஷிப்ட் முடிந்து வந்த கணவர் அதைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்குக் கேட்காமல் சிரிப்பதற்காகத் தலையணையைக் கடித்துக்கொண்டார்.

புண் ஆறியது. சில மாதம் கழித்து மறுபடி வந்தபோது டாக்டர் சொன்னபடியே லேசாக வந்தது. அதற்கு முன்பே தொடையில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு இருந்தது. அதிக வேலை, தூக்கமின்மை, மாதவிலக்கு, இவற்றை ஒட்டித்தான் வந்தது. குறுகுறுப்பு தொடங்கினால் "எறும்பு வந்திருக்குங்க" என்பேன். அன்றிலிருந்து அவர் கூடத்தில் பாய் போட்டுக்கொள்வார். என் பங்குக்குத் தண்ணீரும் இழுத்துக் கொடுத்து என்னை ஓய்வாக விடுவார். மாமியார் பாவம், எறும்பு என்பதைக் கேட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டுவைப்பார்.

அடுத்த வருஷம் கர்ப்பமானேன். பழைய பயம் திரும்பியது. பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் முறை செக்கப்புக்குப் போனபோதே மறைக்காமல் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. "சொன்னியே, அதான் நல்லது. வலி எடுத்ததும் மறுபடி ஞாபகப்படுத்து" என்றார்.

வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கத்துவதற்கு நடுவிலும் ஞாபகப்படுத்தினேன். பிரசவ வார்டு டாக்டர் விளக்கை இழுத்து வைத்து நன்றாகப் பார்த்தார். குறுகுறுப்பு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"புண்ணே இல்லம்மா, சுத்தமா இருக்கு. கத்தினது போதும், முக்கு."

முக்கினேன். பெண் குழந்தை. என்னைவிட அவள் சத்தமாகக் கத்தினாள். மாமியார் அவளை வாங்கி, கை விரல், கால் விரல் எல்லாம் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் எங்க வூட்டு மூக்கு" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.